அப்பா போன பிறகு அம்மா கையில் வீடு: உங்கள் பங்கைப் பெறுவது எப்படி?

"நான் கண்ணை மூடினா எல்லாம் உங்களுக்குத்தானே, அதுக்குள்ள என்ன அவசரம்?" தமிழ்நாட்டில் பாகம் கேட்கும் பிள்ளைக்கு முதலில் கிடைக்கிற பதில் இதுதான். அம்மா மிஞ்சியிருந்தாலும் அப்பா மிஞ்சியிருந்தாலும் பேச்சு மாறுவதில்லை. சட்டம் வேறு மாதிரி சொல்கிறது. உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்து, அவர் இறந்த அன்றே வாரிசுகள் எல்லோருக்கும் பங்குபங்காகப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. உயிரோடு இருப்பவர் தன் காலம் வரை முழுவதையும் வைத்திருந்துவிட்டுப் பிறகு பிள்ளைகளுக்குத் தருவது என்ற ஏற்பாடே அதில் கிடையாது. அதே சமயம் அம்மாவும் ஒரு வாரிசு. அவர் பங்கில் யாரும் கை வைக்க முடியாது, அந்த வீட்டில் அவர் இருப்பதையும் யாரும் கேள்வி கேட்க முடியாது. பங்கை எழுத்தில் வாங்கிக்கொண்டு அனுபவத்தை அவரிடமே விட்டுவைப்பதுதான் பெரும்பாலான குடும்பங்களுக்கு உடையாமல் நிற்கிற வழி. அங்கே போய்ச் சேர்வதற்கான படிகள் கீழே.

இங்கே சொல்வது இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956 பொருந்தும் குடும்பங்களுக்கு. கிறிஸ்தவர்களுக்கு 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம்: பிள்ளைகள் இருந்தால் மிஞ்சியிருக்கும் கணவருக்கோ மனைவிக்கோ மூன்றில் ஒரு பங்கு, மிச்சம் மூன்றில் இரண்டு பிள்ளைகளுக்கு. முஸ்லிம்களுக்குப் பிள்ளைகள் இருக்கும்போது மனைவிக்கு எட்டில் ஒன்று, கணவருக்கு நான்கில் ஒன்று; இறந்தவரின் பெற்றோர் போன்ற மற்றப் பங்காளர்களுக்கும் போக மிஞ்சியதில் மகளைப் போல் மகனுக்கு இரண்டு மடங்கு. பங்குக் கணக்குதான் வேறு. சான்றிதழ், பட்டா, கோர்ட் நடைமுறைகள் பெரும்பாலும் ஒன்றே.

எது இறந்தவருடைய சொத்து?

பாகம் கேட்பவர்கள் அதிகம் சறுக்குகிற இடம் இதுதான். அம்மா அனுபவிக்கிற எல்லாமே அப்பாவின் சொத்து ஆகாது. கிரயப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறதோ அதிலிருந்து தொடங்குங்கள். பட்டாவிலிருந்தோ வீட்டு வரி ரசீதிலிருந்தோ தொடங்கக் கூடாது. பட்டா வருவாய்த்துறையின் பதிவுதான், அது உரிமையைத் தராது.

பத்திரம் அம்மாவிடம் இருந்து, அவர் காட்ட மறுத்தாலும் வேலை நிற்காது. பதிவுத்துறையின் இணையதளத்தில் சர்வே எண்ணோ கதவு எண்ணோ கொடுத்து வில்லங்கம் போட்டுப் பாருங்கள். பெரும்பாலான சார்பதிவாளர் அலுவலகங்களுக்கு 1975-க்குப் பிந்தைய பதிவுகள் இணையத்திலேயே கிடைக்கின்றன. அதற்கு முந்தையவற்றுக்கு அலுவலகத்தில் கையால் தேடும் மனு கொடுக்க வேண்டும். வில்லங்கத்தில் ஆவண எண்ணும் ஆண்டும் கிடைத்துவிட்டால் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பிக்கலாம். வழக்குக்கு அந்த நகலே போதும். கிராமத்து நிலத்துக்கு அ-பதிவேடு, சிட்டா, புலப்படம் ஆகியவற்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஒவ்வொரு சொத்தையும் மூன்று கூடையில் ஒன்றில் போடுங்கள்.

அப்பா தன் சம்பாத்தியத்தில் தன் பெயரில் வாங்கியது முதல் கூடை. இது முழுதும் வாரிசுகளுக்குப் பங்காகும். இருவர் பெயரிலும் வாங்கியிருந்தால் அப்பாவின் பாதி மட்டுமே பங்குக்கு வரும்.

அம்மா பெயரில் உள்ளது இரண்டாவது. "பணம் அப்பா போட்டதுதானே" என்ற வாதம் எடுபடுவது கடினம். 14-ஆம் பிரிவின்படி பெண்ணின் சொத்து அவருக்கு முழு உரிமை. கணவன் பணம் கொடுத்தான் என்பதாலேயே மனைவி பெயரில் உள்ள சொத்து பினாமி ஆகிவிடாது என்று தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு பாகப்பிரிவினை வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்திருக்கிறது. நிரூபிக்கும் பாரம், பினாமி என்று சொல்பவர் தலையில்தான். அம்மா உயிரோடு இருக்கும்வரை இந்தக் கூடையை மறந்துவிடுங்கள்.

மூன்றாவது பூர்வீகச் சொத்து. தாத்தாவிடமிருந்து வந்தது எல்லாம் பூர்வீகம் என்று நினைக்கிறோம், சட்டத்தில் அப்படி இல்லை. தாத்தா சுயமாகச் சம்பாதித்து, 1956-க்குப் பிறகு உயில் இல்லாமல் இறந்து, அதில் அப்பாவுக்கு ஒரு பங்கு வந்திருந்தால், அது அப்பாவின் தனிச்சொத்து. தலைமுறை தலைமுறையாகப் பிரிக்காமல் கூட்டுக் குடும்பமாகவே வந்த சொத்தில்தான் பிள்ளைகளுக்குப் பிறவி உரிமை உண்டு. அங்கே மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமை. இந்த உரிமையைத் தந்த திருத்தம் நடைமுறைக்கு வந்த 2005 செப்டம்பர் 9-இல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவுப் பத்திரம் மூலமோ கோர்ட் மூலமோ பாகம் பிரித்து முடித்திருந்தால் அதை இப்போது கலைக்க முடியாது.

உயில் இருக்கிறதா?

"அப்பா எல்லாத்தையும் எனக்கு எழுதி வெச்சிருக்கார்" என்று சொன்னால், உயிலின் நகலைக் கேளுங்கள். பதிவு செய்த உயில் வில்லங்கச் சான்றில் வராது, அது தனிப் புத்தகத்தில் இருக்கிறது. எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கு மட்டுமே நகல் கிடைக்கும். இறந்த பிறகு இறப்புச் சான்றிதழைக் காட்டி யார் வேண்டுமானாலும் நகல் எடுக்கலாம். எந்த அலுவலகம் என்று தெரியாவிட்டால் அவர் குடியிருந்த ஊர், சொத்து இருக்கும் ஊர் இரண்டிலும் தேடுங்கள். பதிவு செய்யாத உயிலும் செல்லும். இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும், சர்ச்சை வந்தால் அவர்களில் ஒருவராவது கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டும்.

உயிலைப் படிக்கும்போது ஒரே ஒரு கேள்வியோடு படியுங்கள்: அம்மாவுக்குக் கொடுத்தது முழு உரிமையா, ஆயுள் உரிமையா? "என் மனைவி தன் ஆயுள் வரை அனுபவித்து, அவர் காலத்துக்குப் பின் என் மக்கள் அடைய வேண்டியது" என்று இருந்தால் அம்மாவால் விற்க முடியாது. அவர் காலத்துக்குப் பிறகு உங்களுக்கு வருவது உறுதி, ஆனால் இன்று கேட்டுப் பிரிக்கவும் முடியாது. "சர்வ சுதந்திரமாக அடைய வேண்டியது" என்று இருந்தால் அந்தச் சொத்து அவருடையது. பிறகு நீங்கள் எதிர்க்க முடிந்தது உயிலின் உண்மைத்தன்மையை மட்டும்தான். ஐ.சி.யூ.வில் இருந்தபோது எழுதியது, பயன் பெறுபவரே முன்னின்று எழுதவைத்தது, கையெழுத்து வேறுபடுவது போன்ற சந்தேகங்களை உயிலைக் காட்டுபவர்தான் தீர்த்து வைக்க வேண்டும்.

பூர்வீகச் சொத்தில் அப்பா உயில் எழுதியிருந்தாலும் அது அவர் பங்குக்கு மட்டுமே செல்லும்.

பங்குக் கணக்கு

உயில் இல்லாமல் அப்பா இறந்தால் முதல் வகுப்பு வாரிசுகள்: மனைவி, மகன்கள், மகள்கள், அப்பாவின் அம்மா. எல்லோருக்கும் சமப் பங்கு. மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, சீர் செய்தாயிற்று என்பதெல்லாம் கணக்கில் வராது. முன்பே இறந்துவிட்ட மகனோ மகளோ இருந்தால் அவர்களின் குடும்பத்துக்கு ஒரு பங்கு. தாத்தா இருந்தாலும் அவர் முதல் வகுப்பில் இல்லை. அம்மா மறுமணம் செய்துகொண்டாலும் அவருக்கு வந்த பங்கு போகாது. முதல் மனைவி இருக்கும்போதே அப்பா செய்துகொண்ட இரண்டாவது திருமணம் செல்லாது, அந்த மனைவிக்குப் பங்கில்லை. ஆனால் அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகளுக்கு அப்பாவின் சொத்தில் பங்கு உண்டு.

அம்மா இறந்து அப்பா மிஞ்சியிருந்தால் 15-ஆம் பிரிவு: மகன்கள், மகள்கள், கணவர் எல்லோருக்கும் சமம். அம்மாவின் பெற்றோர் இதில் வரமாட்டார்கள். அம்மாவுக்குத் தாய்வீட்டிலிருந்து வந்த நிலமானாலும், பிள்ளைகள் இருக்கும்போது அப்பாவுக்கும் ஒரு பங்கு உண்டு. நகையும் இதே கணக்குத்தான். "அது நான் வாங்கிக் கொடுத்தது" என்று அப்பா சொன்னாலும், அம்மாவுக்குக் கொடுத்த நகை அம்மாவின் சொத்தே. அப்பா இன்னொரு கல்யாணம் செய்துகொள்ளப் போகிறார் என்றால் அம்மாவின் சொத்தில் உங்கள் பங்கை அதற்கு முன்பே எழுத்தில் தீர்த்துவிடுங்கள். அப்பாவுக்கு வந்த பங்கு நாளைக்குப் புதுக் குடும்பத்துக்கும் போகும், உங்கள் பங்கும் அதோடு கலந்து கிடக்க வேண்டாம்.

இனி, பலரும் விட்டுவிடுகிற பாட்டியின் பங்கு. அப்பா இறக்கும்போது பாட்டி உயிரோடு இருந்தால் அவருக்கும் சமப் பங்கு வந்துவிட்டது. பிறகு பாட்டி உயில் இல்லாமல் இறந்தால் அந்தப் பங்கு அவருடைய எல்லாப் பிள்ளைகளுக்கும் போகும். 60 லட்சம் ரூபாய் வீட்டை எடுத்துக்கொள்வோம். அப்பா இறக்கும்போது அம்மா, இரண்டு பிள்ளைகள், பாட்டி என்றால் ஆளுக்கு கால் பங்கு, 15 லட்சம். பாட்டிக்கு அப்பாவைத் தவிர மூன்று பிள்ளைகள் உயிரோடு இருந்து பாட்டியும் இறந்தால், அவர் கால் பங்கு நான்காகப் பிரியும். மூன்று அத்தை, சித்தப்பாக்களுக்கு ஆளுக்கு 1/16, அதாவது 3,75,000 ரூபாய். இறந்த மகனின் கிளைக்கு வரும் 1/16 பேரப்பிள்ளைகள் இருவருக்கும் ஆளுக்கு 1/32 ஆகப் போகும். மருமகளான அம்மாவுக்கு அதில் எதுவும் இல்லை. கடைசியில் அம்மாவுக்கு 8/32, பிள்ளைகளுக்கு ஆளுக்கு 9/32, அத்தை சித்தப்பாக்களுக்கு மொத்தம் 6/32. இவர்களில் ஒருவர் கையெழுத்துப் போடாமல் பாகப் பத்திரம் எழுதினால் அது ஓட்டைப் பத்திரம். வீட்டை விற்கப் போகும்போது வாங்குபவரின் வக்கீல் கேட்கிற முதல் கேள்வியே பாட்டி எப்போது இறந்தார் என்பதுதான். பாட்டி இன்னும் உயிரோடு இருந்தால், அவர் பங்கை யாருக்கு வேண்டுமோ அவருக்கு இப்போதே எழுதிக்கொடுக்கச் சொல்வது எத்தனையோ வருட அலைச்சலை மிச்சமாக்கும்.

பூர்வீகச் சொத்தானால் கணக்கு அம்மாவுக்குப் பாதகமாகத் திரும்பும். அப்பா, ஒரு மகன், ஒரு மகள் என்றால், அப்பா இறப்பதற்குச் சற்று முன் பாகம் பிரிந்ததாகக் கொண்டு மூவருக்கும் மூன்றில் ஒன்று. தென்னிந்திய வழக்கில் அந்தப் பிரிவில் மனைவிக்குப் பங்கில்லை. அப்பாவின் மூன்றில் ஒன்று பிறகு அம்மா, மகன், மகள் என்று மூன்றாகும். அம்மாவுக்கு 1/9, பிள்ளைகளுக்கு ஆளுக்கு 4/9. முழு நிலமும் தன்னுடையது என்று நினைத்துக்கொண்டிருக்கும் அம்மாவிடம் இந்தக் கணக்கை முதல் நாளே நீட்டாதீர்கள்.

சேர்க்க வேண்டிய காகிதங்கள்

இறப்புச் சான்றிதழில் பெயர், தலைப்பெழுத்து இரண்டும் கிரயப் பத்திரத்தோடு பொருந்துகிறதா என்று அன்றே பாருங்கள். இறப்பைப் பதிவு செய்யாமல் ஓராண்டு கடந்திருந்தால் கோட்டாட்சியர் உத்தரவு வாங்க வேண்டியிருக்கும்.

அடுத்தது வாரிசுச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். இறப்புச் சான்று, எல்லா வாரிசுகளின் ஆதார், குடும்ப அட்டை, உறுதிமொழி ஆகியவை வேண்டும். விண்ணப்பம் வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் வழியாகத் தாசில்தாருக்குப் போகும். அம்மாதான் விண்ணப்பிக்க வேண்டும் என்று விதி இல்லை, எந்த வாரிசும் செய்யலாம். ஏற்கெனவே அம்மா வாங்கியிருந்தால் அதில் எல்லோர் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். வெளியூரில் வாழ்க்கைப்பட்ட மகள், முதல் தாரத்துப் பிள்ளை, பாட்டி ஆகிய மூவரின் பெயரும்தான் அதிகம் விடுபடுகின்றன. பெயர் விட்டுப்போனால் தாசில்தாருக்கு எழுத்தில் ஆட்சேபணை கொடுத்து ரத்து கேட்கலாம், மேல்முறையீடு கோட்டாட்சியரிடம். சண்டை என்று தெரிந்தால் தாசில்தார் கோர்ட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: அந்தச் சான்றிதழ் யார் யார் வாரிசு என்று சொல்கிறது, யாருக்கு எவ்வளவு என்று சொல்லாது. அதில் பெயர் இல்லாததாலேயே உங்கள் உரிமை போய்விடாது.

சான்றிதழ் கையில் வந்ததும் கூட்டுப் பட்டாவுக்கு விண்ணப்பியுங்கள். பேச்சுவார்த்தைக்கு முன்பே செய்யக்கூடிய, யாரையும் நோகடிக்காத காரியம் இதுதான். எல்லா வாரிசுகளின் பெயரும் பட்டாவில் ஏறிவிட்டால் ஒருவர் மட்டும் முழுச் சொத்தையும் விற்பது கடினமாகிவிடும். அம்மா பெயருக்கு மட்டும் பட்டா மாறியிருந்தால் 1983-ஆம் ஆண்டின் பட்டா பாஸ்புத்தகச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, அதன்மேல் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு.

வங்கி, காப்பீடு, பென்ஷன்

அம்மா நாமினி என்றால் வங்கி அவரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டுத் தன் பொறுப்பை முடித்துக்கொள்ளும். அதனால் பணம் அம்மாவுடையது ஆகிவிடாது. நாமினி வாரிசுகள் சார்பில் வாங்கி வைத்திருப்பவரே. பங்குகள், மியூச்சுவல் ஃபண்ட் விஷயத்திலும் 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதையே சொன்னது. "இருவரில் ஒருவர்" என்று வைத்திருந்த கூட்டுக் கணக்கும் அப்படித்தான். ஆனால் நடைமுறையில், நாமினிக்குப் பணம் போவதைக் கிளை மேலாளருக்கு எழுதும் கடிதம் தடுக்காது, கோர்ட் உத்தரவுதான் தடுக்கும். இறந்த தேதியன்று கணக்கில் எவ்வளவு இருந்தது என்பதை எப்படியாவது தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கணக்குக் கேட்க அந்தத் தொகைதான் ஆதாரம். நாமினி இல்லாத டெபாசிட்டுக்கு எல்லா வாரிசுகளும் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 372-ஆம் பிரிவின்படி கோர்ட்டில் வாரிசுரிமைச் சான்று வாங்க வேண்டும். தாசில்தார் தருவது வேறு, இது வேறு.

ஆயுள் காப்பீட்டில் கொஞ்சம் கவனம். 2015 திருத்தத்துக்குப் பிறகு மனைவியோ பிள்ளையோ பெற்றோரோ நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே சொந்தம் என்று வாதாட சட்டத்தில் இடம் இருக்கிறது. உயர் நீதிமன்றங்கள் இதில் ஒரே குரலில் பேசவில்லை. சின்னத் தொகையானால் இதற்காகச் சண்டை போடுவது வீண்.

குடும்ப ஓய்வூதியம் அம்மாவுடையது, முழுக்க முழுக்க. அது இறந்தவரின் சொத்தில் சேராது. அதில் பங்கு கேட்டு நோட்டீஸ் அனுப்புவது சட்டப்படியும் தவறு, மற்ற எல்லாப் பேச்சையும் கெடுத்தும் விடும்.

அப்பா வைத்துப்போன கடனும் பங்கில் சேரும். சொத்தின் மதிப்பு வரைதான் வாரிசுகள் பொறுப்பு, தன் கைப்பணத்திலிருந்து கட்ட வேண்டியதில்லை. பிரிப்பதற்கு முன் அதைக் கழித்துவிடுங்கள்.

பேச்சு எப்படி இருக்க வேண்டும்?

அம்மாவின் பயம் பெரும்பாலும் சொத்தைப் பற்றியதில்லை. மருமகள் கையை எதிர்பார்க்க வேண்டிவருமோ, வீட்டை விற்றுவிட்டு ஆளுக்கொரு மாதம் என்று பந்தாடுவார்களோ என்பதுதான் அது. "என் பங்கைக் கொடு" என்று தொடங்கினால் அந்தப் பயம் உறுதியாகிவிடும். "இந்த வீட்டுல நீங்க இருக்கீங்கம்மா, வாடகையும் நீங்களே வாங்கிக்கோங்க. பேரு மட்டும் எல்லாருக்கும் ஏறட்டும். நாளைக்கு எங்க பிள்ளைங்க கோர்ட்டுக்கு அலையக் கூடாது" என்று தொடங்குங்கள். தாய்மாமனையோ பெரியப்பாவையோ உட்கார வைப்பது நல்லதுதான், அவருக்கு அந்தச் சொத்தில் பங்கு இல்லாமல் இருந்தால்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த இடத்திலேயே மகள்களிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. பதிவு செய்துவிட்டால் திரும்ப வாங்குவது கிட்டத்தட்ட நடக்காது. ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கினார்கள் என்று நிரூபிக்க வேண்டும், அதுவும் தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள். "லோன் வாங்கணும், ஒரு கையெழுத்து" என்று நீட்டும் பொது அதிகாரப் பத்திரமும் இதே ரகம்தான். வாய்ச்சொல்லாக "எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்று சொன்னது, பதிவு இல்லாத ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக் கொடுத்தது ஆகியவை அசையாச் சொத்தின் பங்கை மாற்றாது. இது உங்களுக்கும் பொருந்தும்: 20 ரூபாய்ப் பத்திரத்தில் அண்ணன் எழுதிக் கொடுத்த பாகச் சீட்டை நம்பி வீடு கட்டாதீர்கள்.

ஒத்துக்கொண்டால் எந்தப் பத்திரம்?

எல்லோரும் தங்கள் தங்கள் பகுதியை எடுத்துக்கொண்டால் பாகப்பிரிவினைப் பத்திரம். ஒருவர் பணம் வாங்கிக்கொண்டோ வாங்காமலோ விலகினால் விடுதலைப் பத்திரம். அம்மா தன் பங்கையும் ஒருவருக்கே கொடுத்தால் தான செட்டில்மெண்ட். குடும்ப உறுப்பினர்களுக்குள் என்றால் மூன்றுக்கும் முத்திரைத் தீர்வை சந்தை மதிப்பில் 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000 ரூபாய். 2023 ஜூலையில் உயர்த்திய விகிதம் இது. பாகப்பிரிவினையில் இந்த உச்சவரம்பு ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி. போவதற்கு முன் அன்றைய வழிகாட்டி மதிப்பையும் கட்டணத்தையும் பதிவுத்துறை தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்மா அமைதியடைய வேண்டுமானால் பத்திரத்திலேயே அவருக்கு ஆயுள் குடியிருப்பு உரிமை எழுத வேண்டும். வாசகம் இப்படி இருக்கலாம்:

"'அ' ஷெட்யூல் சொத்தில் உள்ள வீட்டின் தரைத்தளத்தில் நமது தாயார் தமது ஆயுட்காலம் முழுவதும் வாடகை ஏதுமின்றிக் குடியிருந்து அனுபவித்து வர வேண்டியது. மாடிப் பகுதியின் வாடகையையும் அன்னாரே பெற்றுக்கொள்ள வேண்டியது. பாகஸ்தர்களில் எவர் தமது பாகத்தைப் பராதீனம் செய்தாலும் மேற்படி உரிமைக்குக் கட்டுப்பட்டே செய்ய வேண்டியது."

"அம்மா இருக்கும்வரை யாரும் விற்கவே கூடாது" என்று எழுதச் சொல்வார்கள். அப்படி முழுத்தடை போட்டால் சொத்து மாற்றச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு அதைச் செல்லாததாக்கிவிடும். மேலே உள்ளபடி, விற்றாலும் அம்மாவின் உரிமை வாங்குபவரையும் கட்டும் என்று எழுதுவதுதான் நிற்கும்.

அம்மா தன் பங்கை உங்களுக்கு செட்டில்மெண்ட் எழுதிக்கொடுத்தால், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007-இன் 23-ஆம் பிரிவை நினைவில் வையுங்கள். பார்த்துக்கொள்வோம் என்ற நிபந்தனையில் வாங்கிவிட்டுக் கைவிட்டால் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் அந்தப் பத்திரத்தையே ரத்து செய்யலாம். அப்பா வழியில் உங்களுக்கு வாரிசாக வந்த பங்கை இந்தப் பிரிவு தொடாது.

வெளிநாட்டில் இருக்கும் வாரிசு நேரில் வர முடியாவிட்டால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றிட்ட அதிகாரப் பத்திரம் அனுப்பலாம். இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். எந்தச் சொத்து, எந்தக் காரியம் என்று குறிப்பாக எழுதுங்கள்.

ஒத்துக்கொள்ளாவிட்டால்

முதலில் வக்கீல் நோட்டீஸ். வாரிசுகள் யார், சொத்து எது, பங்கு எவ்வளவு, 15 அல்லது 30 நாள் அவகாசம். வசவு வேண்டாம். பதில் நோட்டீஸில் அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். "உயில் இருக்கிறது", "ஏற்கெனவே வாய்மொழியாகப் பாகம் ஆகிவிட்டது", "கல்யாணத்துக்கே பங்கைச் செலவழித்துவிட்டோம்" என்று எந்தக் கட்சியை எடுக்கிறார்களோ அதை வைத்துத்தான் உங்கள் பிராது எழுதப்பட வேண்டும்.

பாகப்பிரிவினை வழக்கில் தோற்கிற காரணங்கள் பெரும்பாலும் மூன்று. ஒரு வாரிசைச் சேர்க்காமல் விடுவது. ஒரு சொத்தைச் சேர்க்காமல் விடுவது, குறிப்பாக உங்கள் அனுபவத்தில் இருக்கும் சொத்தை. மூன்றாவது கோர்ட் கட்டணம். நீங்களும் கூட்டு அனுபவத்தில் இருக்கிறீர்கள் என்றால் தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டம் 37(2)-இன்படி சிறிய நிலையான கட்டணம்தான். உங்களை வெளியேற்றிவிட்டார்கள் என்று பிராதிலேயே எழுதினால் 37(1)-இன்படி உங்கள் பங்கின் சந்தை மதிப்பில் 3 சதவீதம். 15 லட்சம் ரூபாய் பங்குக்கு 45,000 ரூபாய். கோபத்தில் "என்னை வாசலிலேயே விடவில்லை" என்று எழுதவைப்பவர்கள் இதை யோசிப்பதில்லை. கூட்டுச் சொத்தில் ஒருவரின் அனுபவம் சட்டத்தின் கண்ணில் எல்லோர் அனுபவமும்தான். வெளியூரில் வேலை பார்ப்பது வெளியேற்றம் ஆகாது. அதற்காகப் பொய் எழுதவும் வேண்டாம், உண்மையில் நடந்ததை வக்கீலிடம் சொல்லி எந்தப் பிரிவு என்று தீர்மானியுங்கள்.

பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுத்தால் வக்கீல் வைத்துத் தருவார்கள்.

விற்றுவிடுவார்கள் என்ற பயம் இருந்தால் வழக்கோடு சேர்த்து இடைக்காலத் தடையாணை கேளுங்கள். சார்பதிவாளருக்கு ஆட்சேபணைக் கடிதம் கொடுப்பது மட்டும் போதாது. உரிமையை விசாரிப்பது அவர் வேலையில்லை. வழக்கு நிலுவையில் இருக்கும்போது யாராவது வாங்கினால் தீர்ப்பு அவரையும் கட்டும், ஆனாலும் தடையாணை இருப்பது உங்களுக்குத் தூக்கம் தரும். அம்மா முழு வீட்டையும் ஒரு மகனுக்கு செட்டில்மெண்ட் எழுதிவிட்டிருந்தால் பதற வேண்டாம். அவர் பங்குக்கு மட்டும்தான் அது செல்லும். அது உங்களைக் கட்டாது என்று கோர்ட் அறிவிக்கும் விளம்புகையையும் அதே வழக்கில் கேளுங்கள்.

காலக்கெடு பற்றி ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். அம்மா 20 ஆண்டு தனியாக அனுபவித்தார் என்பதாலேயே உங்கள் பங்கு போகாது. உங்கள் உரிமையை வெளிப்படையாக மறுத்து, அது உங்களுக்கும் தெரிந்த பிறகு 12 ஆண்டு ஓடியிருந்தால்தான் ஆபத்து. "உனக்கு இதில் ஒன்றுமில்லை" என்று பதில் நோட்டீஸ் வந்த தேதியைக் குறித்து வையுங்கள்.

இதற்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அப்பா இறந்தபோது நீங்கள் மைனர், அம்மா கார்டியனாகக் கையெழுத்துப் போட்டு உங்கள் பங்கையும் விற்றுவிட்டார் என்றால் கெடு மிகவும் குறைவு. அப்பாவின் தனிச்சொத்தில் மைனருக்கு வந்த பங்கை விற்க, இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், 1956-இன் 8-ஆம் பிரிவின்படி கோர்ட் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாத விற்பனையை 18 வயது முடிந்து 3 ஆண்டுக்குள், அதாவது 21 வயதுக்குள் எதிர்க்க வேண்டும். 30 வயதில் வந்து கேட்பவர்கள்தான் அதிகம்.

கோர்ட் முதலில் தருவது முதல்நிலைத் தீர்ப்பாணை: யாருக்கு எத்தனை பங்கு என்று மட்டும். அதோடு முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விடுகிறவர்கள் உண்டு. சொத்தை உண்மையில் பிரித்துக் கொடுக்கும் இறுதித் தீர்ப்பாணையையும் வாங்க வேண்டும். கோர்ட் வழக்கறிஞர் ஆணையரை அனுப்பும், அவர் சர்வேயரோடு வந்து அளந்து எப்படிப் பிரிக்கலாம் என்று அறிக்கை தருவார். அம்மா குடியிருக்கும் பகுதியை அவருக்கே ஒதுக்கச் சொல்லி நீங்களே கேட்பது நல்லது, கோர்ட்டும் பெரும்பாலும் அப்படித்தான் பார்க்கும். இரண்டு சென்ட் வீட்டை நாலாகப் பிரிக்க முடியாது என்றால் 1893-ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டப்படி ஏலம். மற்றவர் பங்கை மதிப்பு போட்டு வாங்கிக்கொள்ளவும் வழியுண்டு. வாடகையை ஒருவரே வாங்கி வந்திருந்தால் வழக்குக்கு முந்தைய 3 ஆண்டுக்கும் வழக்கு நடக்கும் காலத்துக்கும் கணக்குக் கேட்கலாம்.

நடுவில் சமரசம் வந்தால் விடாதீர்கள். சமரச மையத்திலோ மக்கள் நீதிமன்றத்திலோ முடிந்தால் கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும், மக்கள் நீதிமன்றத் தீர்ப்புக்கு மேல்முறையீடும் இல்லை.

இறுதித் தீர்ப்பாணை வந்ததும் அதை முத்திரைத் தாளில் எழுதி வாங்குங்கள். அப்படி வாங்கினால்தான் அது செல்லுபடியாகும் பாகப் பத்திரம். பிறகு சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து வில்லங்கத்தில் ஏற்றி, உட்பிரிவுக்கு விண்ணப்பித்துத் தனிப் பட்டா வாங்குங்கள். வீட்டு வரி, மின் இணைப்புப் பெயர் மாற்றம் இவற்றோடு வேலை முடிகிறது.